நாக்கடியில் பத்து நிமிஷம்

சிவநேசனுக்கு நடந்தது அநியாயம். அவனுடைய அக்கா மகுடேஸ்வரி பதினான்கு மாதமாக இதைக் கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாளிடம்கூட ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில், "வலி மாத்திரைப் பழக்கத்தை முதல்ல விட்டுட்டு வாங்க, போதையில இருக்கறவருக்கு நாங்க என்ன மருந்து எழுதறது" என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்து இரண்டு பேருந்து மாறிப் போன மறுவாழ்வு மையத்தில், "காதுல குரல் கேக்குதுங்கறாரு, அதை முதல்ல சரி பண்ணிட்டு வாங்க, மத்தவங்களோட படுக்க வைக்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். இந்த இரண்டு முதல்லவுக்கும் நடுவில் இருபத்தோரு வயதுப் பையன் ஒருவன் பதினான்கு மாதம் கிடந்தான். இதுதான் வழக்கு, இதற்குமேல் சாட்சி எதற்கு என்பாள். இப்போது அந்தப் பையன் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மூன்றாம் எண் அறையில், நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில், தலை குனிந்து வாயை மூடிக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நாக்கடியில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, பழைய மாத்திரைக்குப் பதிலாக இனி தினமும் இங்கே வந்து வைத்துக்கொள்ள வேண்டியது, இன்றுதான் முதல் நாள். கரையப் பத்து நிமிஷம் ஆகும் என்று சகாயராணி சிஸ்டர் சொல்லியிருந்தார். "விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, தண்ணி கேக்கக் கூடாது. எச்சில் ஊறும், ஊறட்டும். கடிகாரத்தைப் பாருங்க, இல்லன்னா என்னைப் பாருங்க, எது அழகா இருக்கோ அது." நேசன் கடிகாரத்தைப் பார்த்தான். "தெரியும்," என்றார் சிஸ்டர், நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டே. பத்து நாற்பது. மகுடேஸ்வரி கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கை விட்டாள். விரலில் மாத்திரை அட்டையின் விளிம்பு பட்டது. கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

காலி அட்டை. பத்துக் குழியும் உடைந்தது. காலையில் அவன் மாட்டியிருந்த நீலக்கட்டம் போட்ட சட்டையில் இருந்து வந்தது. அந்தச் சட்டையை அவள்தான் கழற்ற வைத்தாள். கசங்கிய சட்டையோடு போய் உட்கார்ந்தால் கசங்கிய ஆளாகத்தான் பார்ப்பார்கள், இது அவள் பதினான்கு மாதத்தில் கற்ற பாடம், மனு எழுதினால் வெள்ளைத்தாளில் எழுத வேண்டும், ஆளைக் கூட்டிப் போனால் தேய்த்த சட்டையில் கூட்டிப் போக வேண்டும். "இதே இருக்கட்டுமே அக்கா," என்றான். இருக்கக் கூடாது என்றாள். "இல்லக்கா, இதுல," என்று ஆரம்பித்தான். "இதுல ஒண்ணுமே இல்ல, பட்டன்கூட இல்ல," என்று சொல்லி வெள்ளைச் சட்டையை அவன் தோளில் போட்டாள். அவன் குளியலறைப் பக்கம் போனதும் பழைய சட்டையை வாளியில் போடப் போனவள், பாக்கெட்டில் சரசரத்ததை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் காது இரண்டும் சூடேறியது. கேட்டிருக்கலாம். எட்டரை மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஒன்பதேகால், ஒன்பதேகாலில் போனால் டோக்கன் முடிந்துவிடும், புதன்கிழமை வேறு, தடுப்பூசி நாள், கூட்டம் நெரியும். அதனால் கேட்கவில்லை. அதனால்தானா. நேற்றே மத்தியானம் பன்னிரண்டு மணியோடு நிறுத்திட்டேன்க்கா என்று அவன் சொன்னான், அவள் நம்பினாள், அப்படியென்றால் இது பழைய அட்டை, பழைய அட்டையைப் பாக்கெட்டில் வைத்திருப்பது குற்றமா, பழைய பேருந்துச் சீட்டை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள். நல்ல வாதம். ஆனால் நேற்று மத்தியானம் அவன் போட்டிருந்தது பச்சை பனியன். நீலச் சட்டையை ராத்திரி கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவள்தான். பாக்கெட்டைத் தட்டித்தானே கொடுத்தாள், இல்லை, தட்டவில்லை, தட்டினாளா. இந்த இடத்தில் வாதம் துணி முள்ளில் மாட்டியதுபோல நின்றுவிட்டது. இழுத்தால் கிழியும். அவள் இழுக்காமல் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பத்தொன்று.

இரண்டு முதல்லவும் இல்லாத இடம் இது. போன வாரம் பூங்கோதை டாக்டர் இரண்டு ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஆளுக்குத்தானே வந்திருக்கு, ஒரே பைல் போட்டுடலாம்" என்று சாதாரணமாகச் சொன்னபோது மகுடேஸ்வரிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது, சண்டைக்குத் தயாராக வந்த வாயில் சண்டை மிச்சமாகிவிட்டது. குரலுக்கான மருந்து வியாழக்கிழமை வருகிற மனநல மருத்துவரோடு பேசி இதே பைலில் எழுதப்படும், மாத்திரையை இங்கேயே நாக்கடியில் வைப்பார்கள், வீட்டுக்குப் பக்கத்தில் வந்து பேச ரங்கராசு அண்ணன் இருக்கிறார், எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருத்தர் இல்லாவிட்டால் இன்னொருத்தரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம். வெளியே குழந்தைகளுக்கு ஊசி, இரத்த அழுத்தத்துக்குத் தாத்தாக்கள், நடுவில் இவன், எல்லாருக்கும் ஒரே டோக்கன் வரிசை. இவ்வளவு சுலபமாக இருக்கக் கூடியதை ஏன் பதினான்கு மாதம் யாரும் செய்யவில்லை என்ற கோபமே அவளுக்கு அன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. இன்று காலையில் டாக்டர் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான். நேசனைப் பார்த்து, "கடைசியா மாத்திரை எப்போ போட்டீங்க?" நேசன் நெற்றியைத் துடைத்தான், வாயைத் திறந்தான். "நேத்து மத்தியானம் பன்னெண்டு மணிக்குங்க டாக்டர்," என்றாள் மகுடேஸ்வரி. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நாடி பிடித்தார், முழங்கையில் மயிர் சிலிர்த்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். "வேர்க்குது, கை நடுங்குது. மாத்திரை வேகம் இறங்கினாலும் இப்படி ஆகும், பயத்துலயும் இப்படி ஆகும், உங்களுக்கு ரெண்டும் இருக்கு. அதனாலதான் நேரத்தைக் கேக்கறேன். பழசு உடம்புல இருக்கறப்பவே இதைக் குடுத்தா, இது பழசைப் பிடிச்சுத் தள்ளிடும். ரெண்டு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா வர்ற கஷ்டம் எல்லாம் ஒரு மணி நேரத்துல வந்து நிக்கும். புரியுதா?" "இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க," என்றாள் மகுடேஸ்வரி. நேசன் தலையை அசைத்தான். அது ஆமாவா, இல்லையா, கழுத்து வலியா. டாக்டர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார், அதற்குள் தடுப்பூசி அறையிலிருந்து ஒரு குழந்தை நீலமாகிறது என்று யாரோ கத்தினார்கள், "சின்ன டோஸே வைங்க சிஸ்டர், வந்துடறேன்" என்று ஓடினார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, அழுது மூச்சுப் பிடித்ததாம், இப்போது இங்கே கேட்கிற அழுகை அதுதான். நல்ல தொண்டை.

கேட்டதற்குப் பதில் சொன்னது தப்பா. அவள் பதில் சொல்லாவிட்டால் யார் சொல்வது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியை மேசைக்கு மேல் குனிந்து, "உன் பேரென்னடா கண்ணு?" என்று கேட்டார். அவன் அம்மாவின் சேலையைப் பார்த்தான், மேசையில் இருந்த உருண்டைக் கண்ணாடியைப் பார்த்தான், நேரமெடுத்தான், மூன்றாம் வகுப்பு முடித்திருந்த மகுடேஸ்வரியால் அந்த நேரத்தைத் தாங்க முடியவில்லை. "சிவநேசன்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்டிக்காரி என்றார் தலைமை ஆசிரியை. அம்மாவுக்கும் அது வசதியாக இருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் காலையிலிருந்து நின்றுவிட்டு வருகிறவளுக்கு, ஒரு பிள்ளையைக் கேட்டால் இரண்டு பிள்ளைக்கும் பதில் வருவது சௌகரியம்தானே. சாப்பிட்டானா, சாப்பிட்டான். பரீட்சை எழுதினானா, எழுதினான். அந்தக் கம்பெனியிலேயே ஓவர்லாக் மிஷினில் அவன் உட்கார்ந்த பிறகு, முதுகு வலி என்று பக்கத்து மிஷின்காரன் கொடுத்த ஒரு மாத்திரை இரண்டாகி எட்டான பிறகு, கோயமுத்தூரில் எம்.ஏ. படித்துக்கொண்டு பட்டிமன்ற மேடைகளில் பேசுகிறவள் வாரக் கடைசியில் வந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மனுவில் எழுதினாள். பணியிடத்தில் ஏற்பட்ட முதுகு வலியே போதைப் பழக்கத்துக்குக் காரணம், போதைப் பழக்கமே குரல் கேட்பதற்குக் காரணம், ஆகவே நிர்வாகமும் அரசும் பொறுப்பு. ஒன்றிலிருந்து ஒன்று, ரயில் பெட்டி கோத்ததுபோல. அவளுடைய பேராசிரியரே பாராட்டினார். குரல் எப்படிப்பட்டது என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது, "அடையாளம் தெரியாத ஆண் குரல், மிரட்டும் தொனி" என்று நிரப்பினாள். அவனைக் கேட்டா நிரப்பினாள். அவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான், அன்றைக்கே அனுப்ப வேண்டியிருந்தது, அவள் படித்ததில் எல்லாம் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் குரல் கேக்குதா, குரல் கேக்குதா என்று கேட்டார்கள். ஆமாங்க, கேக்குதுங்க, என்று அவள் சொன்னாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அவன் முழங்கால் ஆட ஆரம்பித்திருந்தது. வெள்ளைச் சட்டை அக்குளில் ஈரமாகி, அவள் போட்ட கஞ்சி எல்லாம் வீணாகி, துணி உடம்போடு ஒட்டியது. பயம்தான். புது இடம், வாயைத் திறக்க முடியாது, யாருக்கும் வேர்க்கும். டாக்டர் சொன்னாரே, பயத்திலும் வேர்க்கும் என்று. ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும் என்றும் சொன்னார். எது வந்து நிற்கும். அவளுக்குத் தெரியும், போன மார்ச்சில் வீட்டிலேயே நிறுத்தப் பார்த்தபோது இரண்டு ராத்திரி பார்த்திருக்கிறாள், எலும்புக்குள்ள எறும்பு ஓடுதுக்கா என்று காலைச் சுவரில் உதைத்துக்கொண்டது, வாந்தியெடுத்து எடுத்துக் கடைசியில் மஞ்சள் தண்ணீர், மூன்றாம் நாள் கயிற்றுக் கொடியைக் கையில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவனை அம்மா கத்தி இழுத்தது. அது அத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள் மடித்து வைத்தால் எப்படி இருக்கும். அது வந்தால் இந்த இடத்துக்கு மறுபடி வருவானா. வர மாட்டான். இந்த வெள்ளை மாத்திரை என்னைக் கொல்லப் பார்த்தது என்பான், அவன் காதில் இருப்பதும் ஆமாம் என்று சொல்லும், அத்தோடு முடிந்தது, இதற்குப் பிறகு நாலாவது கதவு கிடையாது. அப்படியானால் சொல்லிவிடு. எழுந்து சிஸ்டர் என்று கூப்பிடு, இரண்டு அடிதான். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா. மறுவாழ்வு மையத்தில் அவன் பைக்குள் ஒரே ஒரு மாத்திரை இருந்ததைப் பார்த்துவிட்டு, எங்களையே ஏமாத்தறீங்களா என்று கேட்டவன் பையைத் தூக்கி வாசற்படியில் வைத்தான், துண்டு வெளியே தொங்கியது, பல் துலக்கும் பிரஷ் உருண்டு சாக்கடை ஓரம் போனது, அதை நேசன் குனிந்து எடுத்து, துடைத்து, மறுபடி பைக்குள் வைத்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை, துடைத்ததை. பொய் சொன்னவர்கள் என்று ஒருமுறை பைலில் ஏறினால் அப்புறம் எத்தனை வாதம் செய்தாலும் இறங்காது. சொல்லாதே. பழைய அட்டைதான். பத்து நாற்பத்து நாலு.

"என்ன தம்பி, மௌன விரதமா?" என்று கேட்டுக்கொண்டே ரங்கராசு உள்ளே வந்தார். நாற்பது வயசு இருக்கும், மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றி ஏழு வருஷம் கிடந்து எழுந்தவர், கையில் இன்னும் ஊசித் தழும்பு இருக்கிறது, அதை மறைக்காமல் அரைக்கைச் சட்டைதான் போடுவார், இந்த நிலையத்தில் அவருக்குச் சம்பளமே அதற்குத்தான் என்று தானே சொல்லிக்கொள்வார். "நான் மொத நாளு இதே நாற்காலிதாங்க. அஞ்சாவது நிமிஷம் ஒரு தும்மல் வந்துச்சு பாருங்க, மாத்திரை போயி சிஸ்டரு நோட்டு மேல உக்காந்துருச்சு." "அந்தப் பக்கத்தை இன்னும் வச்சிருக்கேன், வேணுமா?" என்றார் சகாயராணி சிஸ்டர். நேசனின் கண் சிரித்தது, வாய் சிரிக்கவில்லை, கன்னம் எச்சிலால் உப்பியிருந்தது. மகுடேஸ்வரி அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு விட்டாள். அப்போது ரங்கராசு, "அட்டை கொண்டாந்தியா?" என்று கேட்டார். நேசன் கையைத் தூக்கி மார்பில் வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டைத் தொட்டான், வெறும் பாக்கெட், விரலை விரித்துக் காட்டினான், பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "அட, சொல்லித்தானே அனுப்புனேன்," என்றார் ரங்கராசு, அவளுக்கும் சேர்த்து. "இங்க வர்ற எல்லாத்துக்கும் நான் சொல்றது அதானுங்க. கடைசி அட்டையத் தூக்கிப் போடாத, எப்பப் போட்டியோ அந்த மணிய அது பின்னாடியே எழுதிக் கொண்டா. டாக்டர் முன்னாடி உக்காந்தா நம்ம வாய் அதுவாட்டுக்கு ரெண்டு நாளைக் கூட்டிச் சொல்லிப்போடும். பழக்க தோசம். நானெல்லாம் ஒரு வருசமாத் தொடலைன்னு பாக்கெட்டுல வச்சுக்கிட்டே சொன்னவன்." மகுடேஸ்வரியின் கை பைக்குள்ளேயே இருந்தது. கட்டை விரல் அட்டையின் பின்பக்கத்து வெள்ளித்தாளைத் தடவியது. தாள் மழமழவென்று இல்லை. பேனா அழுந்திய மேடும் பள்ளமும் இருந்தது. காலையிலிருந்து அவள் அதைத் திருப்பியே பார்க்கவில்லை.

இல்லக்கா, இதுல, என்றான். இதுல எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்ல வந்தானா. சட்டை என்றால் சட்டை, பட்டன் என்றால் பட்டன், அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவன் பதிலை எழுதிக் கையோடு கொண்டுவரத் தயாராக இருந்தான், அவள் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, டாக்டர் கேட்டபோது தன் பதிலைச் சொன்னாள். திருப்பிப் பார்த்துவிடலாம். ஒரே நொடி, பைக்குள்ளேயே சாய்த்தால் தெரியும். நேற்றுத் தேதியாக இருந்தால் பேசாமல் இருந்துவிடலாம், இன்றைய தேதியாக இருந்தால். இருந்தால் என்ன, அப்போது மட்டும் சொல்வாளா. அப்போதுதான் சொல்லவே மாட்டாள், அதற்கு ஒரு வாதம் கிடைக்கும், அவளுக்கு எப்போதும் கிடைக்கும். எதிரணியில் இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு கம்பெனி, அரசாங்கம், எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், மணி அடிக்கிறவரை அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், கைதட்டல் வருகிறது, யாருக்காகப் பேசுகிறாளோ அவன் எச்சிலை விழுங்க முடியாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதல்ல இதை விடு, முதல்ல அதை நிறுத்து என்று சொன்னவர்கள் அவனை ஏறெடுத்துப் பார்க்காமல் சொன்னார்கள் என்பதுதானே அவள் புகார். அவர்கள் கேட்கவில்லை, சரி. கேட்டவர் இன்று ஒருத்தர் வந்தார், வாயையும் திறந்தான், நடுவில் யார் புகுந்தது. இது ஒப்புக்கொள்வது ஆகாது, அவர்கள் செய்தது வேறு, அவள் செய்தது பாசம். பாசம் என்றால் மட்டும் அவனுக்குப் பேச்சு வந்துவிடுமா. ராத்திரிகளில் இருட்டில் கேட்பான், நீ இப்ப ஏதாச்சும் சொன்னியாக்கா என்று. இல்லடா, தூங்கு என்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பான், இப்பவும் நீ சொல்லலியா. இல்லைன்னு சொல்றேன்ல. அம்மாவிடம் அவன் அப்படிக் கேட்டதே இல்லை, அடுத்த வீட்டில் சண்டை நடந்தால்கூட அங்க யாரோ பேசறாங்க என்றுதான் சொல்வான், அவளிடம் மட்டும்தான் நீ சொன்னியா என்று கேட்டான். ஏன் அவளிடம். அவள் அதற்குமேல் போகவில்லை. போக ஒரு வழி இருந்தது, வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். நேசன் கொட்டாவி விட்டான், வாயைத் திறக்காமல், மூக்கு விடைக்க, கண்ணில் தண்ணீர் வந்தது. பத்து நாற்பத்தேழு.

எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. "சிஸ்டர், நேத்து பன்னெண்டு மணின்னு நான் சொன்னேன்ல, அது எனக்குத் தெரியாதுங்க. தெரியாமயே சொல்லிட்டேன். காலைல அவன் பாக்கெட்டுல அட்டை இருந்துச்சு, மறைச்சு வச்சுக்கிட்டேன். அவனைக் கேளுங்க." குரல் மேடையில் வருகிற அளவுக்குப் பெரிதாக வந்துவிட்டது, வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர் பேனாவை மூடினார். திட்டவில்லை. ரங்கராசிடம், "அண்ணே, டாக்டரைக் கூப்பிடுங்க," என்றார், அவர் போய்விட்டார். மகுடேஸ்வரி அட்டையைப் பையிலிருந்து எடுத்தாள். எழுத்து இருந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டாள், பிடித்திருந்த விரலில் பேனா மேடு இன்னும் உறுத்தியது, சிஸ்டர் கை நீட்டியதைப் பார்த்தும் சிஸ்டரிடம் கொடுக்காமல் தம்பி மடியில் வைத்தாள். "உன்னுது," என்றாள். நேசன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான். பூங்கோதை டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் புடவைத் தோளில் குழந்தை கக்கிய பாலுமாக வந்தார், விஷயத்தைச் சிஸ்டர் இரண்டு வரியில் சொன்னார், டாக்டர் முதலில் நாடியைப் பிடித்தார். "அவன் மேல தப்பில்லீங்க, பைல்ல எழுதறதுன்னா என் பேரை எழுதுங்க," என்று மகுடேஸ்வரி ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை, "மறுபடி வெளிய அனுப்பறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, ஆனா எழுத்துல குடுங்க, எந்த விதிப்படி அனுப்பறீங்கன்னு." டாக்டர் நாடியை எண்ணி முடித்தார். பிறகு சொன்னார், "யாரையும் எங்கயும் அனுப்பல. சின்ன டோஸ்தான், உள்ள போனது போயிடுச்சு, இனித் துப்பிப் பிரயோஜனமில்ல. பழசு இருந்தா இன்னும் கொஞ்ச நேரத்துல வயித்தைப் பிரட்டும், உடம்பை முறிக்கும். அதுக்கு மருந்து இருக்கு, அந்த ரூம்ல கட்டில் இருக்கு, சாயங்காலம் வரைக்கும் சிஸ்டர் பக்கத்துல இருப்பாங்க, நாளைக்கு மனநல டாக்டர் வர்றப்ப இவரும் வரணும், அவ்வளவுதான். ஆனா எந்த மருந்தை எவ்வளவு குடுக்கறதுன்னு எனக்குத் தெரியணும், அதுக்கு நேரம் தெரியணும். நீங்க உக்காருங்க, மகுடேஸ்வரி." உட்கார்ந்தாள். சண்டை மறுபடியும் வாயில் மிச்சமாக இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

பத்து நாற்பத்தெட்டு. இன்னும் இரண்டு நிமிஷம். இவ்வளவு நீளமான இரண்டு நிமிஷத்தை அவள் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. காற்றாடி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்கென்றது. அவன் விரலிடுக்கில் அட்டையின் மூலை தெரிந்தது, இங்கிருந்து படிக்க முடியாது, ஐந்து போல ஒன்று இருந்தது, ஐந்தா, ஆறா, ஐந்து என்றால் காலையா, வேண்டாம், பார்க்காதே. கண்ணைத் தூக்கிச் சுவரில் தாய்ப்பால் வாரச் சுவரொட்டியைப் படித்தாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தண்ணீரும் வேண்டாம். அதையே மறுபடி படித்தாள். தொண்டைக்குள் பதில்கள் வந்து வந்து முட்டின, நேத்துதான் டாக்டர், இல்லைன்னா காலையில் ஒண்ணே ஒண்ணு போட்டிருப்பான் டாக்டர், அவனுக்குப் பேருந்துன்னாலே ஆகாது டாக்டர், முதுகு வலி டாக்டர். ஒவ்வொன்றையும் அவள் விழுங்கினாள். அவன் விழுங்காமல் இருந்தான். ஐம்பது ஆனதும் சகாயராணி சிஸ்டர், "நாக்கைத் தூக்குங்க," என்று டார்ச் அடித்துப் பார்த்தார், "கரைஞ்சிருச்சு," என்று நோட்டில் எழுதினார், காகிதக் கைக்குட்டை கொடுத்தார். நேசன் வாயைத் துடைத்தான். டாக்டர் ஸ்டூலை இழுத்து அவன் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க நேசன். கடைசியா எப்போ போட்டீங்க? எதுக்குப் போட்டீங்க?" நேசன் மடியில் இருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், நேரமெடுத்தான். கடிகாரத்தின் வினாடி முள் ஒரு முழுச் சுற்றும் சுற்றி வந்தது. மகுடேஸ்வரியின் வாய் தானாகத் திறந்தது, அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் காலைல அஞ்சரைக்கு ஒண்ணு போட்டனுங்க," என்றான் நேசன். "ஒரு அக்கான்னா பரவால்லீங்க. பஸ்ல இவளும் பேசி, காதுக்குள்ள இருக்கற அக்காளும் பேசுனா தாங்காதுன்னு போட்டனுங்க."